ஒரு யித்திஷ் வினைச்சொல்லின் ஜெர்மானிய வேரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் ஒரு வினைச்சொல்லின் வேரைத் தேடக் கிளம்பும் புதியவர்கள் முதலில் திறப்பது இன்றைய ஜெர்மன் அகராதியைத்தான். ஒத்த சொல் உடனே கிடைத்துவிடும். "அதிலிருந்துதான் இது வந்தது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தேடல் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

யித்திஷ் இன்றைய ஜெர்மனிலிருந்து பிறந்த மொழி இல்லை. சுமார் 1050 முதல் 1350 வரை பேசப்பட்ட இடைக்கால உயர் ஜெர்மன் (தென்பகுதி ஜெர்மன்) வழக்குகளிலிருந்து இரண்டும் தனித்தனியாகக் கிளைத்தன. அதனால் யித்திஷ் சொல்லிலிருந்து நேராக அந்த இடைக்கால வடிவத்துக்குப் போக வேண்டும். இன்றைய ஜெர்மனைப் பக்கத்துச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக "விஸ்ன்" என்ற வினையை எடுத்துக்கொள்கிறேன். பொருள்: அறிதல், தெரிந்திருத்தல். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வினை எனக்குத் தெரியாது. ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் எபிரேய எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். யித்திஷ் அந்த எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. ரோமன் எழுத்துப் பெயர்ப்பை மட்டும் நம்பினால், பெயர்த்தவர் செய்த முடிவுகளெல்லாம் உங்கள் முடிவுகளாகிவிடும்.

இரண்டாவது, அகராதிகள். யித்திஷுக்கு 1968-இல் வந்த ஊரியல் வைன்ரைக் அகராதி. இடைக்கால உயர் ஜெர்மனுக்கு 1872 முதல் 1878 வரை வெளிவந்த லெக்சர் அகராதி. ட்ரியர் பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் இது இலவசமாகக் கிடைக்கிறது. ஜெர்மன் சொற்பிறப்புக்கு பெர்லினின் டி.டபிள்யூ.டி.எஸ். என்ற ஜெர்மன் அகராதித் தளத்தில் உள்ள ஃபைஃபர் அகராதி. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

மூன்றாவது, குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். "டாக்டர்" என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முதல் ட-வும் இரண்டாம் ட-வும் ஒரே ஒலி இல்லை. முதலாவது ஒலிப்புள்ளது (குரல்நாண் அதிர்வது), இரண்டாவது ஒலிப்பற்றது (அதிராதது). நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஜெர்மானிய (ஜெர்மன், ஆங்கிலம், டச்சு முதலியவை சேர்ந்த மொழிக்குடும்பத்தின்) வேர்த் தேடல் முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. எனவே நோட்டில் ரோமன் எழுத்தோ பன்னாட்டு ஒலியெழுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் அயல்மொழிச் சொற்களின் இறுதி "ட்" எல்லாம் டாக்டரின் இரண்டாவது ட் என்று கொள்ளுங்கள்.

2. வினையின் எல்லா வடிவங்களையும் சேருங்கள்

அகராதித் தலைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. "விஸ்ன்" வினைக்குக் குறைந்தது இந்த நான்கும் வேண்டும்: எச்சம் (அகராதித் தலைச்சொல்லாக வரும் வடிவம்) "விஸ்ன்", நான் அறிவேன் என்பதற்கு "இக் வெய்ஸ்", நாம் அறிவோம் என்பதற்கு "மிர் வெய்ஸ்ன்", இறந்தகால எச்சம் "கெவுஸ்ட்".

காரணம், வேர் தன் அடையாளத்தை ஒரே வடிவத்தில் வைத்திருப்பதில்லை. எச்சத்தில் இகரம், தன்மையில் எய், இறந்தகாலத்தில் உகரம். ஒரே வினைக்குள் உயிர் இப்படி மாறினால் அது பழைய வினை என்று ஊகிக்கலாம்.

யித்திஷில் ஜெர்மனைப்போலத் தனி இறந்தகால வடிவம் கிடையாது, அது வழக்கொழிந்துவிட்டது. "எழுதினான்" என்பதற்கு ஜெர்மனில் "ஷ்ரீப்" என்ற ஒற்றைச் சொல் உண்டு. யித்திஷில் "ஹொட் கெஷ்ரிப்ன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே உயிர்மாற்றத்தைக் காட்டுவது பெரும்பாலும் இறந்தகால எச்சம் ஒன்றுதான். அதை விட்டுவிட்டால் பாதிச் சான்று போய்விடும்.

3. எந்த ஊர் உச்சரிப்பு என்று உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

வில்னா (இன்றைய வில்னியஸ்) பக்கத்து லித்துவேனிய யித்திஷில் "வெய்ஸ்" என்றால் அறிவேன், "வைஸ்" என்றால் வெள்ளை. தரப்படுத்தப்பட்ட யித்திஷும் இப்படியே. ஆனால் வார்சா, லோட்ஸ் பக்கத்துப் போலந்து யித்திஷில் "வைஸ்" என்றால் அறிவேன். வெள்ளைக்கு அங்கே "வாஸ்". போலந்துக்காரர் ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்டு "வைஸ்" என்று எழுதிக்கொண்டு, அதைத் தர யித்திஷாக நினைத்து மேலே போனால், அடுத்த படியில் எல்லாமே தவறாகும்.

எழுத்திலும் இதே ஆபத்து உண்டு. "எய்" ஒலிக்கு இரண்டு யூத் எழுத்துகள். "ஐ" ஒலிக்கும் அதே இரண்டு யூத், ஆனால் அடியில் பாசெக் என்ற சிறு கோடு. 1925-இல் வில்னாவில் தொடங்கிய யிவோ என்ற யித்திஷ் ஆய்வு நிறுவனத்தின் எழுத்து விதிகள் அந்தக் கோட்டைக் கட்டாயமாக்கின. பழைய செய்தித்தாள்களும் நூல்களும் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. அங்கே "அறிவேன்", "வெள்ளை" இரண்டும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். வாக்கியத்தைப் படித்துத்தான் பிரிக்க முடியும்.

எனவே ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்தில் வழக்கின் பெயரையும் எழுதிவிடுங்கள்: லித்துவேனியம், போலந்து, உக்ரைன் அல்லது தர வழக்கு.

4. ஜெர்மானியச் சொல்தானா என்று பாருங்கள்

யித்திஷ் வினைகளில் பெரும்பாலானவை ஜெர்மானியம். ஆனாலும் எபிரேய-அரமேய, ஸ்லாவிய (போலிஷ் போன்ற மொழிகளின்), ரோமானிய (லத்தீன் வழிவந்த மொழிகளின்) வேர்கள் கலந்திருக்கின்றன. வினையின் இறுதியில் ஜெர்மானிய விகுதி இருப்பது எதையும் நிரூபிக்காது. எந்த மொழியிலிருந்து வந்த வேரும் அந்த விகுதியை வாங்கிக்கொள்ளும்.

"கன்வெனென்" என்றால் திருடுதல். விகுதி ஜெர்மானியம், வேர் எபிரேயம். இத்தகைய சொற்களை எழுத்திலேயே கண்டுபிடிக்கலாம்: எபிரேய வேர் தன் சொந்த எழுத்துமுறையை விடாமல் வைத்திருக்கும். சோவியத் வெளியீடுகளில் மட்டும் அவற்றையும் ஒலிப்படி எழுதினார்கள், அங்கே இந்தச் சோதனை உதவாது.

ரோமானிய வேர்கள்தான் நன்றாக ஏமாற்றும். "லெயெனென்" என்றால் வாசித்தல். ஜெர்மனின் "லேஸென்" நினைவுக்கு வரும், பொருளும் ஒன்றே. ஆனால் அந்த ஸகரம் யித்திஷில் எங்கே போனது? போகவில்லை, அது இருந்ததே இல்லை. இந்தச் சொல் லத்தீன் "லெகெரே"யிலிருந்து, யூதர்கள் பேசிய ரோமானிய வழக்குகள் வழியாக வந்தது. ஆசி கூறுதல் என்ற பொருளுள்ள "பென்ட்ஷ்ன்" வினையும் அப்படித்தான், லத்தீன் "பெனெதிகெரே"யின் வழிவந்தது.

"-எவென்" என்று முடியும் வினைகளிலும் கவனம் தேவை. அது ஸ்லாவிய வழியின் அடையாளம். காப்பாற்றுதல் என்ற "ராட்டெவென்" போலிஷ் "ரட்டோவாச்" சொல்லிலிருந்து வந்தது. அந்தப் போலிஷ் சொல்லே ஜெர்மன் "ரெட்டென்" சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது! வேர் ஜெர்மானியம், வந்த பாதை போலந்து. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அரை உண்மைதான்.

"விஸ்ன்" இந்தச் சோதனைகளில் எதிலும் சிக்கவில்லை. சரி, மேலே போகலாம்.

5. உயிர் ஒலியை முதலில் சோதியுங்கள்

மெய்யை விட உயிரை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. யித்திஷையும் இன்றைய ஜெர்மனையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுபவை உயிர்கள்.

இடைக்கால உயர் ஜெர்மனில் "எய்" என்ற ஈருயிரும் (இரண்டு உயிர்கள் சேர்ந்த ஒலி) "ஈ" என்ற நெடிலும் தனித்தனி ஒலிகள். இன்றைய தர ஜெர்மனில் இரண்டும் "ஐ" என்ற ஒரே ஒலியாகிவிட்டன. தர யித்திஷில் அவை கலக்கவில்லை. பழைய எய், எய்யாகவே நிற்கிறது. பழைய ஈ மட்டும் ஐ ஆனது.

கல்: இடைக்காலம் "ஸ்டெய்ன்", யித்திஷ் "ஷ்டெய்ன்", ஜெர்மன் "ஷ்டைன்".
பெயர்கொண்டிருத்தல்: இடைக்காலம் "ஹெய்ஸென்", யித்திஷ் "ஹெய்ஸ்ன்", ஜெர்மன் "ஹைஸென்".
திராட்சை மது: இடைக்காலம் "வீன்", யித்திஷ் "வைன்", ஜெர்மன் "வைன்".
எழுதுதல்: இடைக்காலம் "ஷ்ரீபென்", யித்திஷ் "ஷ்ரைப்ன்", ஜெர்மன் "ஷ்ரைபென்".

இப்போது நம் வினைக்கு வாருங்கள். ஜெர்மனில் "அறிவேன்", "வெள்ளை" இரண்டுக்கும் "வைஸ்" என்ற ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்தமைப்பு. யித்திஷில் "வெய்ஸ்", "வைஸ்" என்று இரண்டு. இடைக்கால அகராதியைத் திறந்தால் முதலாவது "வெய்ஸ்", இரண்டாவது "வீஸ்". ஒன்றாகிப்போன ஒலிகளை யித்திஷ் மறுபடி சரியாகப் பிரித்திருக்க வழியே இல்லை. அவை அங்கே கலக்கவே இல்லை என்பதுதான் முடிவு. யித்திஷ் இன்றைய ஜெர்மனிலிருந்து வரவில்லை என்பதற்கு இந்த ஒரு இணை போதும்.

போலந்து யித்திஷிலும் வேறுபாடு காப்பாற்றப்பட்டிருக்கிறது, வேறு ஒலிகளில்: "வைஸ்", "வாஸ்". ஒலி மாறலாம், பிரிவினை மாறவில்லை. யித்திஷ் மொழியியலாளர் மாக்ஸ் வைன்ரைக் இந்த உயிர்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தியதன் நோக்கம் இதுதான். "அறிவேன்" 24-ஆம் எண் உயிர், "வெள்ளை" 34-ஆம் எண் உயிர். எந்த வழக்கில் எப்படி ஒலித்தாலும் எண் மாறாது. உங்கள் குறிப்பிலும் ஒலிக்குப் பக்கத்தில் எண்ணைப் போட்டுப் பழகுங்கள், பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும்.

ஒரு வினையின் உயிர் இந்தப் பொருத்தத்தோடு ஒத்துவரவில்லையென்றால் உடனே விதிவிலக்கு என்று எழுதாதீர்கள். முதலில் வழக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், 19-ஆம் நூற்றாண்டில் தர ஜெர்மனிலிருந்து நேராகக் கடன் வாங்கிய சொல்லா என்று பாருங்கள். அத்தகைய சொற்களை யித்திஷ்காரர்களே "டைட்ஷ்மெரிஷ்" என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள். "இப்போது" என்பதற்கு மரபான "இட்ஸ்ட்" இருக்க "யெட்ஸ்ட்" என்று எழுதுவது அதற்கு நல்ல உதாரணம்.

6. மெய் ஒலியில் இரண்டு மாற்றங்களைப் பிரித்துப் பாருங்கள்

மெய்களில் இரண்டு பெரிய மாற்றங்கள், வெவ்வேறு காலத்தில் நடந்தவை. ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் 1822-இல் விதியாக எழுதியது முதல் மாற்றம்: தொல் இந்தோ-ஐரோப்பியத்தின் (சமஸ்கிருதம், லத்தீன், ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான மூல மொழி) ஒலிப்புள்ள ட, ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் ஒலிப்பற்ற ட் ஆனது. இரண்டாவது, உயர் ஜெர்மன் மெய்மாற்றம். இது தென்பகுதி வழக்குகளில் மட்டும் நடந்தது: அந்த ட் உயிருக்குப் பின் ஸ் ஆனது, சொல்லின் தொடக்கத்தில் ட்ஸ் ஆனது. ஆங்கிலத்தில் முதல் மாற்றம் மட்டும். ஜெர்மனிலும் யித்திஷிலும் இரண்டும்.

தமிழ் வாசகருக்கு இதை நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. சமஸ்கிருதம் பழைய ஒலிப்புள்ள மெய்யைப் பெரும்பாலும் காத்தது. அங்கிருந்து நாம் கடன் வாங்கிய சொற்கள் நமக்குப் பழக்கமானவை. பாதம், ஆங்கிலம் "ஃபூட்", யித்திஷ் "ஃபுஸ்". தந்தம், ஆங்கிலம் "டூத்", யித்திஷ் "ட்ஸோன்" (இங்கே முதலெழுத்தைப் பாருங்கள்). வேதம், ஆங்கிலம் "விட்", யித்திஷ் "விஸ்ன்".

வேதம், வித்தை, வித்வான் மூன்றும் "வித்", அதாவது அறிதல், என்ற சமஸ்கிருத வேரிலிருந்து தமிழுக்கு வந்தவை. அதே வேரின் ஜெர்மானியக் கிளைதான் "விஸ்ன்". இதை வைத்துத் தமிழுக்கும் யித்திஷுக்கும் மொழிக்குடும்ப உறவு சொல்லிவிடக் கூடாது. தமிழ் திராவிட மொழி. இந்தச் சொற்கள் கடன். "விழி" என்பதையும் இதோடு சேர்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. அது திராவிட வேர், தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது. ஒலிமாற்றம் மற்றச் சொற்களிலும் அதே ஒழுங்கில் நடந்திருந்தால்தான் சான்று.

பகரத்தில் வேறு மாதிரிச் சிக்கல். உயிருக்குப் பின் வந்த ஒற்றைப் ப் யித்திஷிலும் ஜெர்மனிலும் ஃப் ஆனது: ஆங்கிலம் "ஸ்லீப்", யித்திஷ் "ஷ்லோஃப்ன்". இரட்டைப் ப்ப் ஜெர்மனில் ப்ஃப் ஆனது, யித்திஷில் ப் ஆகவே நிற்கிறது: ஜெர்மன் "அப்ஃபெல்", யித்திஷ் "எப்ல்". சொல்லின் தொடக்கத்திலோ ஜெர்மன் ப்ஃப், யித்திஷ் ஃப்: மிளகு ஜெர்மனில் "ப்ஃபெஃபெர்", யித்திஷில் "ஃபெஃபெர்".

இழுத்துச் செல்லுதல் என்ற "ஷ்லெப்ன்" வினையைப் பார்த்து, "ப் மாறவில்லையே, அப்படியானால் மிகப் பழைய வடிவம்" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். யித்திஷில் உயிருக்குப் பின் வரும் ப் இரட்டைப் ப்ப்-இன் இயல்பான விளைவாகவும் இருக்கலாம் என்பதால், ப் இருப்பதை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. ஜெர்மன் "ஷ்லெப்பென்" சொல்லே வடக்கின் தாழ் ஜெர்மனிலிருந்து வந்தது. அதன் உயர் ஜெர்மன் உறவு ஃப் ஒலியுள்ள "ஷ்லைஃபென்".

7. பழைய எழுத்துச் சான்றைத் தேடுங்கள்

ஒலிக்கணக்கு சரியாக வந்த பிறகுதான் பழைய பிரதிகளுக்குப் போக வேண்டும். முன்னாலேயே போனால், எழுத்தர் எழுதியதை எப்படிப் படிப்பது என்பதற்கு உங்களிடம் அளவுகோல் இருக்காது.

இதுவரை கிடைத்த மிகப் பழைய யித்திஷ் வாக்கியம் 1272-ஆம் ஆண்டின் வோர்ம்ஸ் மஹ்ஸோர் என்ற வழிபாட்டுக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. பிரதி இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தில் உள்ளது. இந்த மஹ்ஸோரைத் தொழுகைக் கூடத்துக்குச் சுமந்து செல்பவருக்கு நல்ல நாள் விடியட்டும் என்று அது வாழ்த்துகிறது. கடைசிச் சொல் "ட்ரகெ", சுமத்தல். உயிர்க்குறியுடன் அகரமாகவே எழுதியிருக்கிறார்கள். இன்றைய யித்திஷில் அது "ட்ரோக்ன்", ஓகரம். அதாவது அந்தப் பிரதியில் அகரம்-ஓகர மாற்றம் இன்னும் எழுத்துக்கு வரவில்லை.

"எழுத்துக்கு வரவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பேச்சில் நடந்த மாற்றம் எழுத்தில் பதிவாகக் காலம் பிடிக்கும். பழைய பிரதி தருவது பெரும்பாலும் எல்லைக்கோடு, பிறந்த தேதி அதில் கிடைக்காது.

8. உறவு மொழிகளை வரிசையாக அடுக்குங்கள்

இப்போது ஜெர்மானியக் குடும்பம். "அறிவேன்" என்பதற்கு: கோதிக் (அழிந்துபோன கிழக்கு ஜெர்மானிய மொழி) "வைட்", பழைய ஆங்கிலம் "வாட்", பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) "வெய்ட்", டச்சு "வேட்", பழைய உயர் ஜெர்மன் "வெய்ஸ்". கிழக்கு, வடக்கு, மேற்கு என்று மூன்று கிளைகளிலும் இருப்பதால் தொல் ஜெர்மானியத்துக்கு *வைட் என்ற வடிவத்தை மீட்டமைக்கலாம். அந்த நட்சத்திரக் குறியை மறக்காதீர்கள். எழுத்தில் கிடைக்காத, கணக்கிட்டுப் பெற்ற வடிவம் என்று அது சொல்கிறது.

மூன்று கிளைகளையும் பார்ப்பது ஏன் கட்டாயம் என்பதற்கு "ஷ்ரைப்ன்" நல்ல பாடம். உயிர்மாற்றம் உண்டு, ஒலிக்கணக்கும் பொருந்துகிறது, பார்த்தால் அச்சு அசல் ஜெர்மானிய வினை. ஆனால் கோதிக் மொழியில் எழுதுதலுக்கு "மேல்யன்" என்ற வேறு வினை, ஆங்கிலத்திலோ "ரைட்". காரணம், "ஷ்ரைப்ன்" லத்தீன் "ஸ்க்ரீபெரே"யிலிருந்து மேற்கு ஜெர்மானிய வழக்குகளுக்கு மிக முன்பே வந்த கடன். பழைய வினைகளைப்போலவே திரிந்ததால் சொந்தச் சொல்லாகத் தெரிகிறது.

9. பொருளையும் இலக்கணத்தையும் சேர்த்து விளக்குங்கள்

ஒலி பொருந்தினால் மட்டும் போதாது. பொருள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். "விஸ்ன்" வேரின் மூலப் பொருள் பார்த்தல். லத்தீன் "விதேரே" இன்னும் பார்த்தல்தான். நாம் தினமும் சொல்லும் "வீடியோ" அதிலிருந்து வந்தது. "பார்த்திருக்கிறேன்" என்ற முற்று வடிவம் "அறிவேன்" என்ற நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்தது. சமஸ்கிருத "வேத", கிரேக்க "ஒய்த" இரண்டிலும் இதே நகர்வு உண்டு. ஆகவே அது ஜெர்மானியத்துக்கு முன்பே நடந்த ஒன்று.

வடிவம் இறந்தகாலம், பொருள் நிகழ்காலம். உயிர்மாற்றத்தின் காரணமும் இங்கேதான். ஒருமையில் ஈருயிர், பன்மையில் இகரம்: கோதிக் "வைட்", "விட்டும்", சமஸ்கிருதம் "வேத", "வித்ம". ஜெர்மன் இதை இன்னும் காக்கிறது: ஒருமை "வைஸ்", பன்மை "விஸ்ஸென்". யித்திஷ் ஒருமையின் உயிரைப் பன்மைக்கும் நீட்டி "மிர் வெய்ஸ்ன்" என்று சமன் செய்துவிட்டது. பழைய இகரம் எச்சத்தில் மட்டும் நிற்கிறது. இரண்டாம் படியில் எல்லா வடிவங்களையும் கேட்டது இதற்காகத்தான்.

10. பதிவை எழுதுங்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள்

முடிவைப் புதியதிலிருந்து பழையதற்கு எழுதுங்கள்: யித்திஷ் "விஸ்ன், வெய்ஸ்", இடைக்கால உயர் ஜெர்மன் "விஸ்ஸென், வெய்ஸ்", பழைய உயர் ஜெர்மன் "விஸ்ஸன், வெய்ஸ்", தொல் ஜெர்மானியம் *விட்டன், *வைட், தொல் இந்தோ-ஐரோப்பிய வேர் *வெய்ட், இங்கே மட்டும் இறுதி மெய் ஒலிப்புள்ளது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் எந்த ஒலிமாற்றம் என்று ஒரு வரி. இன்றைய ஜெர்மன் இந்தச் சங்கிலியில் வராது; "ஒப்பிடுக" என்று தனி வரியில் போடுங்கள்.

எல்லா வினையும் இவ்வளவு தூரம் போகாது. பிழிதல், முனகுதல் என்ற "க்வெட்ஷ்ன்" இடைக்கால உயர் ஜெர்மன் வரை உறுதியாகப் போகும். அதற்கு மேல் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வழிபடுதல் என்ற "டாவெனென்" சொல்லுக்கு லத்தீன், எபிரேயம், ஸ்லாவியம் என்று பல விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள், எதுவும் நிலைபெறவில்லை. அத்தகைய வினைக்கு "மூலம் விவாதத்துக்குரியது" என்று எழுதி, எந்தப் படி வரை உறுதி என்பதையும் குறித்துவிடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு "ஹெய்ஸ்ன்" எடுத்துக்கொள்ளுங்கள். உயிரும் மெய்யும் மேலே சொன்ன விதிகளுக்குள்ளேயே அடங்கும், கோதிக்கில் "ஹைட்டன்" என்று உறவும் தெளிவாகக் கிடைக்கும். அதை முடித்த பிறகு "ஷ்லெப்ன்" பக்கம் போகலாம்.